அரக்குத் தாவணியில் கந்தகம்

“...அப்படின்னா எனக்குத் தெரியாதுன்னே எழுதிக்கிடுங்க டீச்சர்” என்றாள் அமலி.

சொல்லிவிட்டு மேசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மேசை மேல் விரிந்து கிடந்தது ஒரு தாவணித் துணி. நல்ல அரக்கு நிறம். அதில் மல்லிகை மொட்டை இறைத்தாற்போல வெள்ளைச் சுங்குடிப் புள்ளிகள். கஞ்சி போட்டுத் தேய்த்த வாசம் அறை முழுக்க இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை சிஸ்டரும் வேதியியல் டீச்சரும். இந்தப் பக்கம் அமலி. பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளை. பத்தாவது முடித்துவிட்டு, பதினொன்றில் அறிவியல் பிரிவுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள். கதவோரமாக நானும் சின்னாளப்பட்டி பாக்கியம் அக்காவும் நின்றோம். அந்தத் துணியில் முடிச்சுப் போட்டவர் பாக்கியம் அக்கா.

டீச்சர் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு அமலியையே பார்த்தார். எழுத மனசு வரவில்லை.

“பிள்ள என்ன தாயி சொல்லுது?” என்று பாக்கியம் அக்கா என் காதுக்குள் கேட்டார். அமலிக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் தெரியாது என்கிறாள். அதை அந்த அறையில் முழுசாக அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பந்துகள்

இந்தத் தொடரில் என் பட்டன் கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, வடமதுரையிலிருந்து ஒரு வாசகி போன வாரம் கடைக்கே வந்துவிட்டார். ஊசி, நூல், கொக்கி, லேஸ் என்று எல்லாம் பார்த்தவர், கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டைக் காட்டி, “இதென்னக்கா துணிப்பந்து, மேலெல்லாம் பிரஸ் பட்டன் தச்சிருக்கு, பிள்ளைக விளையாட்டுச் சாமானா? என்ன விலை?” என்றார். விற்பனைக்கு இல்லை என்றேன். ஏன் என்றார். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் தாவணியில் போய்த்தான் நிற்கும். அதனால்தான் இந்த வாரம் இது.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. அதிலும் கணக்கு காலை வாரிவிட்டது. திண்டுக்கல்லில் எங்கள் கடைத்தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பார்வையற்ற பெண்பிள்ளைகள் விடுதி ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்த வார்டன் சிஸ்டர் நூல் வாங்க வந்தபோது ஒருநாள், “உனக்குக் கண்ணு இருக்கு, அதவிடப் பெரிசா வாய் இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து பிள்ளைகளுக்குப் பாடம் வாசிச்சுக் காட்டேன்” என்றார். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். போனேன்.

வாசித்து வாசித்துத்தான் நான் வேதியியல் படித்தேன். என் மாமனார் ஒரு சொல் சொல்வார்: “ஊருக்குச் சமைக்கிறவ ருசி பாத்தே வயிறு நெறைஞ்சுருவா.” அந்தக் கதைதான்.

அமலியை எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. நான் நீட்டி முழக்கி வாசித்துக்கொண்டிருக்கிறேன், “ஹைட்ரஜன் நிறமற்ற, மணமற்ற, சுவையற்ற வாயு” என்று. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “நிறமற்றதுன்னா உங்களுக்கும் தெரியாதுல்லக்கா? அப்ப இந்த ஒரு பாடத்துல நீங்களும் நானும் ஒன்னு.”

விடுதியே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

கடிக்கிற தண்ணி

பார்வையில்லாத பிள்ளைகள் வரலாறுதான் எடுப்பார்கள். எந்தச் சட்டத்திலும் எழுதியிருந்ததாக எனக்குத் தெரியாது. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இவளுக்கு மட்டும் ஏன் வேதியியல்?

அவளுடைய அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. தோலிலிருந்து முடியைக் கழற்ற, சுண்ணாம்பும் இன்னும் என்னென்னவோ கலந்த தொட்டியில் ஊறப்போடுவார்கள். வருஷக்கணக்காக அந்தத் தொட்டிக்குள் கை விட்டவர். மாதம் ஒருதரம் விடுதிக்கு வருவார். அவர் வாசலில் நுழையும் முன்பே அழுகின முட்டை வாசம் வந்துவிடும். மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். அமலி எழுந்து ஓடுவாள்.

தாய் இல்லாத பிள்ளை. அப்பாவின் உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். ரேகை ஒன்றுகூட மிச்சமில்லாத கை. வெடித்து, மறுபடி மூடி, மறுபடி வெடித்த கை.

“அந்தத் தண்ணிக்குள்ள என்னப்பா இருக்கு?”

“கடிக்கிற தண்ணி தாயி. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.”

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. தன் அப்பாவின் கையைத் தின்றது எது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சுண்ணாம்பில் கால்சியம் இருக்கிறது, அந்த அழுகின முட்டை நாற்றத்துக்குக் கந்தகம் காரணம் என்று புத்தகத்தில் நான் வாசித்த அன்றைக்கு, “இன்னொரு தரம் வாசிங்கக்கா” என்றாள். வாசித்தேன். “இன்னொரு தரம்” என்றாள்.

விடுதிச் சமையல்கார அம்மாளுக்கு வாய் நீளம். “முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட மாதிரில்ல இருக்கு” என்று அவள் காதுபடவே சொன்னார்.

அமலி முகத்தைக்கூடத் திருப்பவில்லை. “கொம்புல தேன் இருக்குன்னு தெரிஞ்சவுக எறக்கிக் குடுக்கலாம்ல. பேசிட்டே வெஞ்சனத்தைத் தீய விடுறாக” என்றாள். நிஜமாகவே அடுப்பில் பொரியல் தீய்ந்துகொண்டிருந்தது.

கையால் பார்க்கிற பாடம்

புத்தகத்தில் அணுவைப் படமாகப் போட்டிருப்பார்கள். அதை எப்படி வாசிப்பது? “ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொரு வட்டம்” என்று வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

பட்டன் கடைக்காரிக்குப் பட்டன்தானே தெரியும். கழிவுத் துணியில் பஞ்சடைத்துப் பந்து தைத்தேன். ஹைட்ரஜனுக்குச் சின்னப் பந்து, ஒரே ஒரு பிரஸ் பட்டன். ஆக்சிஜனுக்குக் கொஞ்சம் பெரிய பந்து, இரண்டு பட்டன். நைட்ரஜனுக்கு மூன்று. கார்பனுக்கு நான்கு. எது எதோடு எத்தனை சேரும் என்று வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. பட்டன் மிச்சம் இருந்தால் பாடம் முடியவில்லை என்று அர்த்தம்.

ஆக்சிஜனின் இரண்டு பக்கமும் ஹைட்ரஜனை வைத்து அமுக்குவாள். டக். டக். “தண்ணி ஆயிருச்சு” என்பாள். அப்புறம் பிய்ப்பாள். பிய்க்கும்போது விரல் நோக வேண்டும் என்பதற்காகவே நல்ல கெட்டிப் பித்தளைப் பட்டனாகப் பார்த்துத் தைத்திருந்தேன். சேர்ந்ததைப் பிரிக்கப் பலம் வேண்டும் என்பது அப்படித்தான் அவர்களுக்குப் புரிந்தது.

அமிலம், காரம் பாடத்தில் நிறம் மாறும் காகிதத்தை வைத்துக்கொண்டு முழித்தேன். அப்புறம் ஒரு கிண்ணத்தில் புளித்தண்ணியும் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணியும் வைத்தேன். காரம் விரலில் வழுவழுக்கும். உப்புப் பாடத்துக்குக் கல்லுப்பு. அதன் பட்டை முகத்தை நகத்தால் நிரடிப் பார்த்துவிட்டு, “செங்கல் அடுக்குன மாதிரி இருக்கேக்கா, யாரு அடுக்குனது?” என்றாள் அமலி. எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தேடிப் படித்துக்கொண்டு போனேன்.

இந்தப் பந்துகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்த்தான் தலைமையாசிரியை சிஸ்டரிடம் அமலிக்கு அறிவியல் பிரிவில் இடம் கேட்டேன். நல்ல மனுஷி. பந்துகளை எடுத்துப் பார்த்தார், டக்கென்று அமுக்கிப் பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார்.

“இதைக் காட்டுனா விளையாட்டுன்னு சொல்லிருவாங்கம்மா. ஒப்பிச்சுக் காட்டுனா மனப்பாடம்னு சொல்லிருவாங்க. தனிம அட்டவணை ஒன்னு அவ தடவிப் பாக்குற மாதிரி செய்யுங்க. நாங்க கேக்குற தனிமத்தை அவளே கையால தேடித் தொடட்டும். என் கண்ணு முன்னால தொட்டான்னு நான் கையெழுத்துப் போடுறேன். அதுக்கு மேல யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்.”

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முடிச்சோடு இருக்கிற துணி

அட்டையில் மணி ஒட்டினேன், உதிர்ந்தது. ஊசியால் குத்தினேன், இரண்டு நாளில் அமுங்கிப்போனது.

சின்னாளப்பட்டிக்கு நூல் கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கம். அங்கே பாக்கியம் அக்கா சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர். வெள்ளைத் துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, புள்ளி புள்ளியாகக் கட்டிக்கொண்டே போவார். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அப்புறம் முடிச்சை அவிழ்த்தால் அங்கே வெள்ளைப் புள்ளி. ஒருநாள் பேச்சுவாக்கில் அந்தக் கட்டிய துணி மேல் கையை வைத்தேன். விரலுக்கடியில் மிளகு மிளகாக நின்றது.

பிரெயில் எழுத்தும் புள்ளிதானே.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். வரைந்து கொடுத்ததை அச்சுப் பிசகாமல் கட்டிவிட்டார். ஒரு தாவணி நீளத் துணியில் ஹைட்ரஜன் தொடங்கிக் கால்சியம் வரைக்கும், ஒவ்வொரு தனிமமும் தன் தன் கட்டத்தில், தன் தன் எழுத்தில். வாங்கிக்கொண்டு நான் கிளம்பும்போது மட்டும் அவருக்கு முகம் வாடியது.

“இப்படியேவா கொண்டு போகப்போற? முடிச்சோட இருக்குற துணியும் முழுகாம இருக்குற பொண்ணும் ஒன்னு தாயி. அவுக்குற வரைக்கும் அதுக்கு மூச்சு முட்டும்.”

இந்தச் சொல் அழகாக இருக்கிறதே என்று நான் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன். ஊரார் சொல்லைச் சேர்ப்பதில் எனக்கு அப்படியொரு பித்து.

அமலி அந்தத் துணியை முதல்முதல் தொட்டாள். சாண் போட்டு அளந்தாள். குறுக்கே அளந்தாள், நெடுக்கே அளந்தாள். அப்புறம் கந்தகத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “இங்கனதான் இருக்கியா நீ” என்றாள்.

சீர்

விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் தடவித் தடவி முடிச்சுகள் கொஞ்சம் தளர்ந்துவிட்டன. சிஸ்டர் சோதனைக்கு நாள் குறித்ததும், இறுக்கித் தரச்சொல்லித் துணியைப் பாக்கியம் அக்காவிடம் அனுப்பினேன். அன்றைக்குக் காலையில் தானே கொண்டுவருவதாகச் சொல்லியனுப்பினார். யாருக்காகக் கட்டினோமோ அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டுமாம்.

வந்தார். மதுரை ரோட்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவர், விடுதி வராந்தாவில் செய்தித்தாள் சுற்றிய பொதியைப் பிரித்தார். அரக்கு நிறம். வெள்ளைப் புள்ளி. வழவழவென்று தேய்த்த மடிப்பு.

கையை வைத்துப் பார்த்தேன். ஒரு முடிச்சுகூட இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். உடைத்த கை அன்பான கையாக இருந்தால் என்ன சொல்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

“பிள்ளைக்குத் தாயும் இல்ல, சீர் செய்யத் தாய்மாமனும் இல்லன்னு நீதான சொன்ன” என்றார் அக்கா. “எங்க பக்கம் வயசுக்கு வந்த பிள்ளைக்கு மொதச் சுங்குடித் தாவணி மாமன் வீட்டுல இருந்துதான் வரும். கண்ணு தெரியாத பிள்ளைக்கு மட்டும் சாயம் ஏத்தாத கோரா வெள்ளையில முடிச்சும் முண்டுமாக் குடுத்து அனுப்ப என் மனசு கேக்கல. நீ எழுதிக் குடுத்த எழுத்து ஒன்னுகூட மாறல, பாரு, எம்புட்டுத் தெளிவாத் தெரியுதுன்னு. சுருக்கம் இருந்தா அசிங்கமா இருக்கும்னு ரெண்டு தரம் தேய்க்கச் சொன்னேன்.”

உண்மைதான். தெருவில் போகிறவர்கூடப் புள்ளியை எண்ணலாம், அத்தனை தெளிவு. கண் உள்ள எல்லோரும் எண்ணலாம்.

அமலி கையை வைத்தாள். தரையில் விழுந்த ஊசியைத் தேடுகிற மாதிரி விரல்கள் ஓடின. நின்றன. மறுபடி ஓடின. நான் வாயைத் திறக்கப் போனேன். என் மணிக்கட்டை நறுக்கென்று கிள்ளினாள்.

“என்ன கலருக்கா?” என்று பாக்கியம் அக்காவிடம் கேட்டாள்.

“அரக்கு தாயி. உன் நிறத்துக்கு எடுப்பா இருக்கும்.”

“நல்லா இருக்கு” என்றாள் அமலி.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா தண்ணீர் குடிக்கப் போன சமயம் அமலி என்னிடம் குசுகுசுத்தாள்: “சொல்லிராதீங்க. இடமெல்லாம் எனக்குச் சாண் கணக்குல தெரியும். ஓரத்துல இருந்து அளந்து தொட்டுருவேன்.”

அப்படியும் ஆகலாம் என்று நானும் நம்பினேன்.

பிறகு நடந்தவை

கடைசியில் சொல்ல வேண்டியதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மனசு இருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

சோதனைக்கு மறுநாள் நான் மட்டும் தலைமையாசிரியை சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். நடந்தது அவ்வளவையும் சொன்னேன். “டீச்சர் முன்னாடி அவளே தெரியாதுன்னு சொல்லிட்டாளேம்மா. வரலாற்றுப் பிரிவுல பேரும் பதிஞ்சாச்சு. இனி நான் எந்த வாயால கேக்குறது” என்றார். அவரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அமலி வரலாறு படித்தாள். பட்டமும் வாங்கினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் டெலிபோன் பூத் வைத்தாள். கைக்குக் கை செல்போன் வந்ததும் பூத்தை மூடினாள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அமலி செம்பட்டிப் பக்கம் ஒரு உறவினர் வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. தேடிப் போனேன், அங்கே இல்லை.

பாக்கியம் அக்காவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. நூல் கொடுக்கப் போகும்போதெல்லாம் கேட்பார்: “அந்தப் பிள்ள ஏந்தாயி அன்னைக்கு அப்படிச் சொல்லுச்சு? நான் அம்புட்டுப் பாடுபட்டுக் கட்டிக் குடுத்தேன். செத்த நேரம் உக்காந்து படிச்சிருக்கலாம்ல.” அமலி சோம்பேறிப் பிள்ளை என்றே அவர் நினைத்துக்கொண்டு போனார். நான் ஒவ்வொரு தரமும் ஆமாம் என்று தலையாட்டினேன். அக்கா இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மேசையருகே

அறைக்குள் போனதும் சிஸ்டர் துணியைப் பார்த்து, “அட, எவ்வளவு அழகு” என்றார். டீச்சரும் எழுந்து பார்த்தார். பாக்கியம் அக்காவுக்குப் பூரிப்பு தாளவில்லை.

டீச்சர் முதலில் கால்சியத்தைக் கேட்டார். அது கடைசி வரிசையில், இடது மூலைக்குப் பக்கத்தில். அமலி ஓரத்தைப் பிடித்தாள், அளந்தாள், தொட்டாள். சரி. எனக்கு உயிர் வந்தது.

“கந்தகம்?”

இதைவிட நல்ல கேள்வி அவளுக்குக் கிடைக்காது. கந்தகத்தின் வாசத்தில் வளர்ந்தவள். மூன்றாவது வரிசை, இடது ஓரத்திலிருந்து ஆறாவது கட்டம். அமலி சாண் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. விரலை ஊன்றினாள்.

முடிச்சு விழுந்த துணி குறுகிப்போகும். அவிழ்த்துத் தேய்த்தால் நீண்டுவிடும். அவள் மனசில் இருந்த சாண், முடிச்சு இருந்த துணிக்கு எடுத்த சாண். விரல் ஒரு கட்டம் பின்தங்கிப் பாஸ்பரஸ் மேல் நின்றது.

“இன்னொரு தரம் பாரும்மா” என்றார் டீச்சர். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அமலி விரலை நகர்த்தினாள். வெறும் துணி. இன்னும் நகர்த்தினாள். வெறும் துணி. அவளுடைய மேலுதட்டில் வியர்வை அரும்பியது.

டீச்சர் குனிந்து தானும் தடவிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

“துணியில ஏதாவது கோளாறா அமலி? புள்ளி கைக்குத் தட்டுப்படலையா? இருந்தா சொல்லு. கோளாறுன்னு எழுதிட்டு அடுத்த வாரம் வேற துணி வச்சுப் பாக்கலாம்.”

கதவோரத்திலிருந்து பாக்கியம் அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். “எந்துணியிலயா? என்ன கோளாறு?” என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

அமலியின் முகம் அந்தக் குரல் வந்த திசைக்குத் திரும்பியது.

“துணியில ஒன்னும் இல்ல டீச்சர்” என்றாள். “துணி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கந்தகம் எங்கனன்னு...”

“அமலி, யோசிச்சுச் சொல்லு. தெரியாதுன்னு நான் எழுதுனா மாத்த முடியாது. துணியில கோளாறு இல்லன்னா நான் அப்படித்தான் எழுதணும்.”

அப்போதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

பேனா எழுதுகிற சத்தம் கேட்டது. அது நிற்கும் வரை அமலி அசையாமல் இருந்தாள். அப்புறம் எழுந்து, மேசை மேல் கையை ஓடவிட்டுத் துணியின் ஓரத்தைப் பிடித்தாள். மடிப்புக் கலையாமல் சேர்த்து எடுத்தாள். தோளில் போட்டு, இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, பள்ளிக்கூடப் பாவாடையில் செருகிக்கொண்டாள். பாக்கியம் அக்கா ஓடிப்போய் முந்தியை நீவிவிட்டார். கந்தகம் அவளுடைய இடது தோளின் மேல் வந்து கிடந்தது. தாவணி நழுவாமல் இருக்க அந்த இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சுவரைத் தொட்டபடி வராந்தாவில் நடந்து, வரலாற்றுப் பிரிவுக்குப் பேர் கொடுக்கிற வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள்.